தூசிக்கு எடுத்த ஸ்கேன்

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் கண்ணு? அடக்கிக்கினு கீறேன்" என்றாள் கோவிந்தம்மா.

கிண்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூட வாசல் அது. வெள்ளை அங்கியோடு கதவைத் திறந்த எழில்மொழிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிண்டியில் பேசுகிற தமிழை விட்டுவிட்டுத் தன் வியாசர்பாடித் தமிழுக்கு வந்தாள்.

"எத்த அடக்கிக்கினு கீறீங்க?"

"ஒண்ணுக்கத்தான். ஸ்கேன்னு சொன்னியே. காலைல நாஷ்டா துன்னல. ரெண்டு பாட்லு தண்ணி குச்சிட்டு, விம்கோ நகர்ல மெட்ரோ ஏறுனதுலேர்ந்து அடக்கிக்கினு வரேன். என் மருமவளுக்கு வவுத்துல ஸ்கேன் எடுத்தப்போ அப்டித்தான சொன்னாங்க?"

"அம்மா, ஸ்கேன் உங்களுக்கு இல்ல. உங்க தூசிக்கு."

"அது தெரியும். தூசிக்கு வாயா கீது, தண்ணி குடிக்க? அதுக்கும் சேத்து நான் குச்சேன்."

"பாத்ரூம் அந்தக் கடைசில."

எண்ணூர்க் கரையோரம் பெரியாத்தா குப்பத்தில் கோவிந்தம்மாவுக்கு ஒரு சிமெண்ட் மேடை உண்டு. நெத்திலியும் வாளையும் அதில்தான் காய்ந்து கருவாடாகும். பக்கத்தில் இறால் அவிக்க ஒரு விறகு அடுப்பு. வருஷக்கணக்காக அந்த மேடையில் ஒரு கறுப்புத் தூசி விழுந்துகொண்டிருந்தது. வெள்ளை நெத்திலி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிற்கும் வங்கக்கரை பவர் கம்பெனியின் புகைபோக்கிதான் காரணம் என்று அவள் மனு எழுதிப்போட்டாள். பதில் வந்தது. தூசிக்குக் காரணம் குப்பத்து விறகு அடுப்புகள்தான், எனவே புகை பரப்பும் அந்த அடுப்பையும் மேடையையும் அகற்ற வேண்டும் என்று கம்பெனியே எதிர்மனு போட்டிருந்தது. மேடை இருக்கிற இடத்தில் கம்பெனிக்கு ஒரு பாதை போடவேண்டியிருந்தது என்பது மனுவில் இல்லை. விசாரணைக்கு வரச்சொல்லி மேடையிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் அதைப் படிக்க வேண்டுமானால் முந்தானையால் துடைக்க வேண்டியிருந்தது.

எழில்மொழி இந்தக் கதைக்குள் வந்தது கருவாடு வாங்கப்போய். காசிமேட்டுப் பக்கம் கோவிந்தம்மாவிடம் வாங்கிய நெத்திலியை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து, "இன்னாம்மா இது, இவ்ளோ கலீஜா கீது?" என்று சண்டைக்கு நின்றாள். சண்டை முடிந்தபோது அவளுக்கு முழுக்கதையும் தெரிந்திருந்தது. "மேடைத் தூசி ஒரு பொட்டலம், அடுப்புக் கரி ஒரு பொட்டலம், தனித்தனியா கட்டி எடுத்துக்கினு வாங்க. எங்க சார்கிட்ட சொல்லி நான் ஸ்கேன் பண்றேன். எது எதுன்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

கோவிந்தம்மா முகம் கழுவிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பி வந்தாள். அறையில் மேசை உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, அதன்மேல் ஒரு தூண், பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டர் திரைகள்.

"இதாம்மா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்."

"கண்ணை எங்க வெச்சுப் பாக்கணும்?"

"கண்ணை வெக்கிற எடமே கெடையாது. டிவில பாக்குற மாதிரி பாக்க வேண்டியதுதான்."

"அப்போ மிஷினு பாத்துட்டு நம்பகிட்ட சொல்லுது. அது பொய் சொன்னா?"

"அது பொய் சொல்லாது. கேக்குறவங்கதான் தப்பாப் புரிஞ்சிப்பாங்க."

"சாதா பூதக்கண்ணாடில இது தெரியாதா?"

"இருக்குன்னு தெரியும், உருவம் சரியாத் தெரியாது. வெளிச்சத்தோட அலை இந்தப் பொடிக்குப் பெருசு. எப்டி சொல்றது..."

"பெரிய கண்ணு வலை போட்டா நெத்திலி நிக்காது. அதான?"

எழில்மொழி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இதே விஷயத்தைத் தனக்கு விளக்கத் தன் பேராசிரியர் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதேதான். வெளிச்சம் பெரிய கண்ணு வலை. எலக்ட்ரான் பொடிக்கண்ணு வலை. அத்த ஊசி முனை மாதிரி கூராக்கி, தூசி மேல கோடு கோடா ஓட்டுவோம். நீங்க மேடைய இந்த மூலைலேர்ந்து அந்த மூலைக்குப் பெருக்கிட்டு அப்பால அடுத்த வரிசைக்குப் போறீங்க இல்ல? அப்டி. அதுக்குப் பேருதான் ஸ்கேன். பட்ட எடத்துலேர்ந்து தெறிச்சு வர்றத எண்ணி எண்ணிப் படம் வரைஞ்சிடும்."

"கலர்ல வருமா?"

"வராது. கலரு வெளிச்சத்தோட சொத்து. இது கறுப்பு வெள்ளைதான்."

"தூசிதானே. போதும்."

"உள்ள காத்தே இருக்கக்கூடாது. இருந்தா எலக்ட்ரான் அதுல முட்டி வழி மாறிடும். தண்ணி ஒரு சொட்டு இருந்தாலும் ஆவாது."

"அடிப்பாவி! தண்ணியே ஆவாத ஸ்கேனுக்கா நான் ரெண்டு பாட்லு குச்சிட்டு வந்தேன்?"

சிரித்துக்கொண்டே எழில்மொழி சட்டைப் பொத்தான் அளவு இரண்டு உலோக வில்லைகளை எடுத்தாள். ஒட்டும் கறுப்பு நாடா மேலே இருந்தது. ஒன்றில் மேடைத் தூசி, மற்றதில் அடுப்புக் கரி, ஒரு சிட்டிகைகூட இல்லை. இரண்டையும் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து ஏதோ விசையைத் தட்டினாள். குடுவைக்குள் ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம் நின்று அடங்கியது.

"இது இன்னா?"

"தங்கம் பூசுறேன்."

கோவிந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினாள்.

"எத்துக்கு?"

"தூசிக்கு. அது மேல கரண்ட் ஓடாதும்மா. எலக்ட்ரான் வந்து வந்து அங்கியே தேங்கிக்கும், படம் வெள்ளையாப் பூத்துடும். மேல தங்கம் இருந்தா கரண்ட் வழிஞ்சு போய்டும்."

"எவ்ளோ சவரன்?"

"சவரனா! ஒரு தலைமுடிய எட்டாயிரமாக் கிழிச்சா, அதுல ஒண்ணோட தடிமன்தான் வரும்."

"என் காதுல கீறது கவரிங்கு. என் வூட்டுத் தூசிக்குத் தங்கம். அதுக்கும் குடுத்து வெச்சிருக்கணும் கண்ணு."

முதலில் அடுப்புக் கரி திரையில் வந்தது. பொடிப்பொடியாகக் கொத்துக் கொத்தாக, ஒரு ஒழுங்கும் இல்லாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு மேடைத் தூசி. உருண்டைகள். பெரிதும் சிறிதுமாக, வழவழவென்று, ஒரு சொட்டைகூட இல்லாத உருண்டைகள். ஒரு பெரிய உருண்டை உடைந்திருந்தது. அதன் வயிற்றுக்குள் குட்டி உருண்டைகள்.

"மீன் சினை மாதிரியே கீது."

"நெலக்கரிய மாவா அரைச்சு, ஊதி எரிப்பாங்க. அந்தச் சூட்டுல கரிக்குள்ள கீற மண்ணு உருகி, பறக்கச் சொல்லவே சொட்டு சொட்டா உருண்டு இறுகிடும். ஆயிரத்து நானூறு டிகிரி வேணும் அதுக்கு. வெறவு அடுப்புல இது வராது."

"என் அடுப்பு அவ்ளோ எரிஞ்சா சட்டி இருக்காது, இறால் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்."

"அதத்தான் ரிப்போர்ட்ல எழுதப்போறேன். உள்ள இன்னா இன்னா கீதுன்னும் சொல்லிடும். எலக்ட்ரான் அடிச்சா ஒவ்வொண்ணும் எக்ஸ்ரேல தன் பேரைச் சொல்லிடும். தோ பாருங்க. சிலிக்கான், அலுமினியம், இரும்பு, கால்சியம்... தங்கம் நாலு சதவீதம்."

"அது நீ பூசினதாச்சே?"

"பூசினதுதான். மிஷினுக்கு அது தெரியாதே. உள்ள கீறத எல்லாம் சொல்லும். தங்கம் நாங்க பூசினதுன்னு கடைசிப் பக்கத்துல எழுதிடறேன்."

"மொத பக்கத்துல எழுதக்கூடாதா?"

"அங்க எடமில்லம்மா. காலேஜு பேரும் எம்பளமும் நெறைய எடம் எடுத்துக்குது."

விசாரணை அதிகாரி ரமாபாய் அதிகம் பேசாத பெண்மணி. மேசையில் அறிக்கை இருந்தது. எதிரே ஒருபுறம் கோவிந்தம்மா, மறுபுறம் கம்பெனியின் நில அதிகாரி அலெக்ஸாண்டர். கோவிந்தம்மாவை அழைத்து வந்த ஆட்டோக்கார பஷீர் வாசற்படியில் சாய்ந்து நின்றான்.

"கம்பெனி என்ன சொல்றீங்க?" என்றார் ரமாபாய்.

"மேடம், எங்க புகைபோக்கியில முதல் தரமான வடிகட்டி இருக்கு. ஒரு துகள் வெளிய வராது. அந்தக் குப்பத்துல விழுற எந்தத் தூசிக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. உருண்டையா இருந்தா எங்களோடதா? உலகத்துல எத்தனையோ உருண்டை இருக்கு."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"தாராளமா." அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு அறிக்கையைப் புரட்டியவருக்கு ஒரே உற்சாகம். "மேடம், இதைப் பாருங்க! தங்கம் நாலு சதவீதமாம்! தங்கம் கொட்டுற ஊர்ல குந்திக்கிட்டு மனு குடுக்குறாங்க!"

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

"சார், அது தூசில கீற தங்கம் இல்ல" என்றாள் கோவிந்தம்மா. "அந்தப் பொண்ணு பூசினது."

"தூசிக்கு யாராவது தங்கம் பூசுவாங்களாம்மா?"

இந்தமுறை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. ரமாபாய் மட்டும் சிரிக்கவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்து, மூடி வைத்தார்.

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. ரெண்டு தரப்பும் அறிக்கையை முழுசாப் படிச்சுட்டு வாங்க. முழுசா."

திரும்பும் வழியில் பஷீர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

"யக்கா, தங்கம்னு சொன்னாங்களே?"

"அது மிஷினுக்காகப் பூசினதுடா."

"சரி, சரி. நீ அப்டித்தான் சொல்லுவ. நான் ஆறு வருசம் சவுகார்பேட்டைல ஆட்டோ ஓட்டினவன். நகைப் பட்டறை வாசல்ல வெளக்கமாறு வெச்சுக்கினு நிப்பாங்க தெரியுமா? பட்டறைக் குப்பைய ஏலம் எடுப்பாங்க. சாக்கடைச் சேத்தக்கூட அள்ளிக்கினு போய் அலசி, தங்கம் எடுப்பாங்க. தூசின்னா லேசா நெனைக்காத."

"முன்னால பாத்து ஓட்டு."

அவன் முன்னால் பார்த்துத்தான் ஓட்டினான். ஆனால் கோவிந்தம்மா வீட்டுக்குள் போய்ச் சோறு போட்டு உண்டு முடிப்பதற்குள் குப்பம் முழுக்கச் செய்தி போய்விட்டது. வருஷக்கணக்காகச் சபித்துக்கொண்டே பெருக்கித் தள்ளிய தூசியை அடுத்த நாள் காலையில் யாரும் தள்ளவில்லை. பெருக்கி, அள்ளி, சாக்கில் கட்டினார்கள். வாசலில் போர்வை உதறிய மருமகளுக்கு மாமியாரிடம் திட்டு விழுந்தது. காற்று கிழக்கே திரும்பிய நாளில் தெருவில் சண்டை வந்தது.

"இன்னாமே மங்கை, என் கூரைத் தூசிய நீ எப்டிக் கூட்டுவ?"

"உன் கூரைலேர்ந்து என் வாசல்ல வியுந்தா அது என்துதான். உன் பேரு எழுதி வெச்சிருக்கா?"

"நேத்து வரைக்கும் என் தூசி உன் துணில வியுதுன்னு கத்துனியே, பேஜாரு புடிச்சவளே!"

"நேத்து அது தூசி."

கோவிந்தம்மா நடுவில் போய் நின்றாள். "ஏன்டி, சொன்னா கேளுங்கடி. அதுல ஒரு மண்ணும் இல்ல. நான் கண்ணால பாத்தேன். கண்ணாடிக் குடுவைல வெச்சு அந்தப் பொண்ணு பூசிச்சு."

மங்கை விளக்குமாற்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். "யக்கா, உன் மேடைதான் குப்பத்துலியே பெரிசு. தூசியும் அங்கதான் நெறைய வியுது. எல்லாரும் அள்றத வுட்டுட்டா நீ ஒருத்தியா அள்ளிக்கலாம். அதான?"

"நான் எங்கமே அள்னேன்?"

"அதான் எனக்கும் சந்தேகமா கீது. ஏன் அள்ள மாட்டேன்ற?"

கோவிந்தம்மா மேடைக்குத் திரும்பி நெத்திலியைப் புரட்டிப் போட்டாள். விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. மேடை போனால் கருவாடு இல்லை. கருவாடு இல்லையென்றால் இந்தக் கரையில் அவளுக்கு வேலையும் இல்லை. தங்கத்தைப் பற்றிக் கவலைப்பட அவளுக்கு நேரமில்லை.

கவலைப்பட்டது கம்பெனிதான். கம்பெனியின் சாம்பலை சிமெண்டுக்காக மொத்தமாக எடுக்கிற ஒப்பந்தக்காரர் காதுக்குச் சேதி போயிற்று. சாம்பல் முழுதும் எனக்கென்று ஒப்பந்தம் இருக்கும்போது குப்பத்துப் பெண்கள் சாக்கு சாக்காகக் கட்டுவது எப்படி என்று அவர் மேலிடத்தில் கேட்டார். மேலிடம் அலெக்ஸாண்டரைக் கேட்டது. மறுநாள் காலை அலெக்ஸாண்டர் ஜீப்பில் வந்து மேடை முன்னால் இறங்கினார்.

"கோவிந்தம்மா, கூட்டத்தைக் கூப்பிடுங்க. ஒரு கடிதம் படிக்கணும்."

"இன்னா சார், மேடைய இடிக்கவா?"

"அது அப்புறம். இது வேற." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "எமது நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து வெளியேறி, பெரியாத்தா குப்பத்தின் கூரைகள், வாசல்கள் மற்றும் மீன் உலர்த்தும் மேடை மீது படியும் சாம்பல் அனைத்தும் நிறுவனத்தின் சொத்தாகும். அதைச் சேகரிப்பதோ விற்பதோ குற்றம். சேகரித்த சாம்பலை நிறுவனத்தின் வாசலில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்."

பெண்கள் மத்தியில் முணுமுணுப்பு எழுந்தது. கோவிந்தம்மா கையிலிருந்த வாளை மீனைக் கீழே வைத்தாள்.

"சார், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்த மொத வரி இன்னொரு தபா படி."

படித்தார்.

"மீன் ஒலத்துற மேடைன்னு போட்டுக்கீதா? என் மேடைதான?"

"இந்தக் குப்பத்துல வேற மேடை ஏது?"

"கையெழுத்து கீதா?"

"என் கையெழுத்துதான்."

"சீலு?"

"ரெண்டு சீல். பாருங்க."

கோவிந்தம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை இரு கைகளாலும் வாங்கினாள். அவளுக்கும் ஒரு மனசாட்சி இருந்தது.

"சார், அப்பால என்னைக் கொற சொல்லாத. அதுல தங்கம் இல்ல. பூசினது. கடைசிப் பக்கத்துல எழுதிக்கீதாம்."

அலெக்ஸாண்டர் புன்னகை செய்தார். எத்தனையோ நில விவகாரங்களைப் பார்த்த புன்னகை அது.

"தங்கம் இருக்குற எடத்துல எல்லாரும் இதையேதான் சொல்வாங்கம்மா."

"சர்தான் சார். நான் சொல்ல வேண்டியதச் சொல்ட்டேன்."

இரண்டாம் விசாரணைக்கு அலெக்ஸாண்டர் வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. ஒப்பந்தக்காரர் தன் சாம்பலை எங்கோ கொடுத்துச் சோதித்துப் பார்த்திருந்தார். தங்கம் என்ற சொல்லுக்கு எதிரே சைபர் இருந்தது. அதன் பிறகுதான் அலெக்ஸாண்டர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

ரமாபாய் மேசையில் இரண்டு கடிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்: போன விசாரணையில் அலெக்ஸாண்டர் எழுதிக் கொடுத்தது ஒன்று, கோவிந்தம்மா கொண்டுவந்து கொடுத்தது மற்றது.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?"

"ஆமா மேடம்."

"இதுவும்?"

"ஆமா. ஆனா மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுல தங்கமே இல்லை. படம் தெளிவா வரணும்னு பூசினதாம்."

"அதை கோவிந்தம்மா இதே ரூம்ல சொன்னாங்க. நீங்க சிரிச்சீங்க."

"கடிதத்தை வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்."

"எதை? தூசி உங்களோடது இல்லைங்கிறதையா, உங்களோடதுங்கிறதையா?"

அலெக்ஸாண்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எதை எடுத்தாலும் மற்றது மேசையிலேயே இருக்கும் என்பது அவருக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று.

"தங்கம் இல்லேன்னா சாம்பலும் இல்லேன்னு ஆயிடுமா சார்?" என்றாள் கோவிந்தம்மா. "உருண்டை எல்லாம் அப்டியேதான கீது."

ரமாபாய் எழுதினார். தூசி அடுப்பிலிருந்து வருவதல்ல என்று அறிக்கை சொல்கிறது. தன்னிடமிருந்தே வருவதாக நிறுவனம் எழுத்து மூலம் உரிமை கோரியிருக்கிறது. ஆகவே மேடையையும் அடுப்பையும் அகற்றக் கோரும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

"தூசி நிக்குமா அம்மா?" என்று கேட்டாள் கோவிந்தம்மா.

"அது வேற இலாகா. அங்க அனுப்பறேன். காலம் ஆகும்."

"மேடை இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்போ குந்திக்கினு காத்துக்கினு இருப்பேன்."

வெளியே ஆட்டோவில் பஷீர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். "அப்போ மெய்யாலுமே தங்கம் இல்லியா யக்கா?"

"இருந்துச்சுடா. தலைமுடிய எட்டாயிரமாக் கிழிச்சா ஒண்ணு. அதுலதான் மேடை தப்பிச்சுது."

குப்பத்துக்குப் போனபோது வாசலுக்கு வாசல் சாக்குகள் நின்றன. தங்கமில்லை என்று இப்போது எல்லோரும் நம்பிவிட்டார்கள். கம்பெனி சொன்னதால் நம்பினார்கள். மங்கை தன் சாக்கை எட்டி உதைத்தாள்.

"இத்த இன்னாமே பண்றது? கால்வாய்ல கொட்டிரலாமா?"

"கொட்டாத. அடுத்தவங்க சொத்து. வாசல்ல ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கணும்னு எழுதிக் குடுத்துக்கீறாங்க. ஒயுங்கா நடந்துக்கணும்."

அடுத்த திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் பதினாலு பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு சாக்கு. காவலாளி நோயல் கோவிந்தம்மா நீட்டிய கடித நகலை மூன்றுமுறை படித்தான், உள்ளே போன் போட்டான், மறுபடி படித்தான். கடிதம் கம்பெனிக் கடிதம்தான், சீலும் இரண்டு இருந்தன. வேறு வழியில்லாமல் ரசீதுப் புத்தகத்தை எடுத்தான்.

"வாராவாரம் வருவீங்களா?"

"வாராவாரம் நீ அனுப்புவ. வாராவாரம் நாங்க கொணாந்து குடுப்போம்" என்றாள் கோவிந்தம்மா. "அந்த இலாகாவுல கேட்டாங்கன்னா ரசீதக் காட்டணும். தேதி தெளிவாப் போடுப்பா."

"பொருள்னு ஒரு கட்டம் கீது. இன்னா எழுதறது?"

"உங்க சாம்பல்னு எழுது."

நோயல் பேனாவைத் திறந்தான். புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தில் அதற்குள் மெல்லிய கறுப்பு படிந்திருந்தது. குனிந்து ஊதப் போனான்.

"ஊதாத நைனா" என்றாள் கோவிந்தம்மா. "கம்பெனி சொத்து."